சோதனையும் விசுவாசமும்: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூடுகை முடிந்து வாசலோரம் நிற்கும்போது, பெயர் போடாத ஜெபக்குறிப்புச் சீட்டில், ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என்று இந்தச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல் கேள்வியாக வைத்திருக்கிறோம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையாரும் கேட்பதால், நடைமுறை வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கெட்ட எண்ணம் மனசுல வந்தாலே பாவம்தானா?

இல்லை. யாக்கோபு 1:14-15 இதைப் படிப்படியாகக் காட்டுகிறது. இச்சை இழுக்கிறது, மனிதன் சிக்குகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, அதற்குப் பிறகுதான் பாவம் பிறக்கிறது. இழுப்புக்கும் பிறப்புக்கும் நடுவில் நம்முடைய சம்மதம் இருக்கிறது. இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது எபிரெயர் 4:15. சோதனை வருவதே பாவமென்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைப் பிடிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. பின்னாளில் போப் முதலாம் கிரகோரி இந்தப் பட்டியலைத் திருத்தி அமைத்ததிலிருந்துதான் ‘தலையான பாவங்கள் ஏழு’ வந்தது. எண்ணங்கள் வந்து தொல்லை கொடுப்பது நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்பது எவாக்ரியுஸின் முடிவு.

ஜெபிக்க உட்கார்ந்தால் கடவுளையே திட்டும் வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன, நிறுத்தவே முடியவில்லை என்று பயந்து வருபவர்களும் உண்டு. விரும்பாமல், மணிக்கணக்கில், அருவருப்போடு வரும் எண்ணம் பல சமயம் ஓசிடி என்ற நோயின் அறிகுறி. அதற்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். உபவாசத்தைக் கூட்டினால் அது குறையாது.

அப்போ இச்சையோட பார்த்தாலே விபசாரம்னு இயேசு சொன்னது?

மத்தேயு 5:28 சொல்வது ‘இச்சையோடு’ பார்க்கிறவனைப் பற்றி. கண்ணில் பட்டது வேறு. அந்த ஆசைக்காகவே மறுபடி திரும்பிப் பார்ப்பது வேறு. முந்தைய பதிலில் சொன்ன சம்மதம் இங்கே கண்ணிலேயே நடந்துவிடுகிறது, அவ்வளவுதான். பேருந்தில் ஒரு பெண்ணைக் கண்டதும் அழகு என்று தோன்றியதற்காக யாரும் அறிக்கையிடத் தேவையில்லை.

கடவுள் சோதிக்கிறாரா, பிசாசா, இல்ல நானேதானா?

பாவத்தில் தள்ளுவதற்காகத் தேவன் ஒருவனையும் சோதிக்கிறதில்லை என்று யாக்கோபு 1:13 நேராகவே சொல்கிறது. ஆபிரகாமின் விசுவாசத்தை அவர் சோதித்தது (ஆதியாகமம் 22) உறுதியைப் பார்ப்பதற்கு, விழவைப்பதற்கு இல்லை. மற்றபடி உலகம், மாம்சம் (நம் சொந்த ஆசைகள்), பிசாசு என்று மூன்றையும் வேதம் சொல்கிறது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

எது மூலகாரணம் என்று ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. பிசாசின் தலையில் பழியைப் போட்டுவிட்டால் நாம் செய்யவேண்டிய வேலை மறந்துபோகும். இரவு பதினோரு மணிக்குத் தலையணைக்கடியில் போனை வைத்தது பிசாசு இல்லை.

ஜெபம் பண்ணியும் அதே சோதனை திரும்பத் திரும்ப வருதே, என் விசுவாசம் குறைவா?

அப்படிச் சொல்ல முடியாது. பாலைவனத்தில் தோற்ற பிறகும் பிசாசு இயேசுவைவிட்டு ‘சிலகாலம்’தான் விலகிப்போனான் (லூக்கா 4:13). அவருக்கே திரும்ப வந்தது நமக்கு வராமல் போகாது. நாங்கள் முதலில் கேட்பது வேறு கேள்வி: நீங்கள் எப்போது ஜெபிக்கிறீர்கள்? பலர் ஜெபிப்பது சோதனை உச்சத்தில் இருக்கும்போது, இல்லையென்றால் விழுந்த பிறகு. கைதான இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களிடம் ‘சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்’ என்று சொன்னது போர்ச்சேவகர் வருவதற்கு முன். அவர்கள் தூங்கினார்கள். அடுத்த சில மணி நேரத்தில் பேதுரு மூன்று முறை மறுதலித்தான்.

ஆகவே முதலில் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம், சோதனை வந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், கூட யார், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. பாவத்தை விவரமாக எழுத வேண்டாம், அது இன்னொரு சோதனையாகிவிடும். இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். சம்பள நாள் சாயங்காலம், மனைவி ஊருக்குப் போன இரவு, மேலதிகாரி திட்டிய மதியம் என்று சோதனை குறிப்பிட்ட இடங்களில்தான் காத்திருக்கிறது. எவாக்ரியுஸ்கூட சோர்வின் நேரத்தை எழுதிவைத்திருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் பிடித்து மதியம் இரண்டு மணிவரை விடாது. சூரியன் நகரவே இல்லை என்று துறவிக்குத் தோன்றும், சன்னலைச் சன்னலைப் பார்ப்பான் என்கிறார். அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

தாவீதின் வீழ்ச்சியையும் இதே கண்ணோடு படித்துப் பாருங்கள் (2 சாமுவேல் 11). ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவன் எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினான். பத்சேபாளைப் பார்ப்பதற்கு முன்பே இடம், நேரம், வேலையின்மை மூன்றும் கூடிவிட்டன. நோட்டில் உங்கள் நேரம் தெரிந்ததும், அதற்கு அரைமணி முன்னால் ஜெபத்தை வையுங்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லாதபடி வேறு ஏற்பாடும் செய்யுங்கள். பசியும் தூக்கக்குறைவும் காரணமாகத் தெரிந்தால் முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் கொடுத்தது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை (1 இராஜாக்கள் 19).

சரி, அந்த நிமிஷம் வந்துடுச்சு. என்ன செய்யணும்?

முதலில் உடலை அசையுங்கள். படுத்திருந்தால் எழுந்திருங்கள், தனியாக இருந்தால் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அடுத்து, வாய்விட்டு ஒரே வரி ஜெபம்: ‘தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்’ போதும். இந்த நேரத்தில் நீண்ட ஜெபம் செய்யப் போனால் மனம் அதற்குள்ளேயே சோதனையைச் சுற்றி வரும். பிறகு மனப்பாடமாயிருக்கும் ஒரு வசனம். அதன்பின் ஒரு போன், அல்லது வெளியே நடை. ஆசை அலையாக எழும்பித் தணியும். ஊட்டம் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்கிவிடும். ‘இனி வாழ்நாள் முழுக்க’ என்று யோசிக்காமல் அந்த அரைமணியைத் தாண்டுங்கள்.

வசனத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பாலைவனத்தில் பிசாசு கொண்டுவந்த மூன்று சோதனைக்கும் இயேசு சொன்ன பதில் உபாகமத்திலிருந்து வந்தது: அப்பத்துக்கு 8:3, ஆலய உச்சிக்கு 6:16, உலக ராஜ்யங்களுக்கு 6:13. ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கே பொருந்துகிற பதில். எவாக்ரியுஸும் ஒவ்வொரு கெட்ட எண்ணத்துக்கும் எதிர்வசனங்களை நூற்றுக்கணக்கில் தொகுத்தார். நமக்கு ஒன்றிரண்டு போதும். கண்ணுக்கு யோபு 31:1, பணத்துக்கு 1 தீமோத்தேயு 6:9, கோபத்துக்கு யாக்கோபு 1:20. ஒரு வாரம் காலையில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சோதனை நேரத்தில் வேதாகமத்தைத் தேடப் போனால், அதுவும் போனில் தேடப் போனால், என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை.

வசனம் சொன்னா போதுமா? சாத்தானும்தானே வசனம் சொன்னான்?

சொன்னான். சங்கீதம் 91:11-12ஐ எடுத்து, ‘குதி, தூதர்கள் தாங்குவார்கள்’ என்றான். வசனம் மந்திரம் இல்லை. நாம் செய்ய விரும்புவதற்கு அனுமதிச்சீட்டாக ஒரு வசனம் கையில் வந்தால் சந்தேகப்படுங்கள். வசனம் சொல்லிக்கொண்டே அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு விதத்தில் உச்சியிலிருந்து குதிப்பதுதான்.

போன்ல ஆபாசப் படம் பாக்குற பழக்கம் விட முடியல. யார்கிட்டயும் சொல்லவும் வெட்கமா இருக்கு.

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், ஆண்களிடமிருந்து மட்டும் இல்லை. முதல் வேலை இடத்தை மாற்றுவது. இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். ‘அலாரம் வேண்டுமே’ என்பார்கள். ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள். குளியலறைக்குள் போன் போகக்கூடாது. இந்த இரண்டும் நடக்காமல் வேறு எதைச் செய்தாலும் நிற்பதில்லை.

அடுத்தது வடிகட்டி. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் செட்டிங்கில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் கிளவுட்ஃபிளேரின் குடும்ப வடிகட்டி முகவரியைப் போட்டால் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது. ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் வயதுவந்தோர் தளங்களைத் தடுக்கலாம். அதன் கடவுஎண்ணை நீங்கள் வைக்காமல் இன்னொருவரை வைக்கச் சொல்லுங்கள். ஓட்டைகளும் உண்டு. விபிஎன் செயலி, டெலிகிராம் குழுக்கள், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஆகியவற்றை இந்த வடிகட்டி பிடிக்காது. அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். தானே போட்ட பூட்டைத் தானே திறக்க முடிந்தால் அது பூட்டு இல்லை என்பதால்தான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

வெட்கத்தைப் பற்றி: 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், சோதிக்கிறவன் ரகசியக் காதலன் போல நடந்துகொள்கிறான் என்று எழுதினார். தன் பேச்சு அவளுடைய தகப்பனுக்குத் தெரிந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவன் பயப்படுவான். நம்பகமான ஒருவரிடம் சொன்ன அன்றே பிடியில் பாதி தளர்ந்துபோவது இதனால்தான். ‘அண்ணே, ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. வாரா வாரம் என்னைக் கேட்பீர்களா?’ இரண்டு வாக்கியம் போதும். படங்களை விவரிக்க வேண்டாம்.

யார்கிட்ட அறிக்கையிடணும்? ஃபாதர்கிட்டயா, பாஸ்டர்கிட்டயா, ஃபிரெண்டுகிட்டயா?

‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. கத்தோலிக்கருக்கு, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மற்றச் சபைகளில் போதகரின் மனச்சாட்சிதான் காவல். அதனால் தொடங்கும் முன்பே ‘இது நம் இருவரோடு இருக்குமா’ என்று கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

வாராவாரம் கணக்குக் கேட்க ஒரு நண்பர் வேண்டும். உங்கள் பாலினத்தவராக, உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவராக, அதே குழியில் இப்போது இல்லாதவராக இருக்கட்டும். இருவரும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருந்தால் கணக்குக் கேட்பது ஆறுதல் சொல்வதாக முடியும். எச்சரிக்கை ஒன்று உண்டு: ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ‘ஒரு தம்பிக்காக ஜெபியுங்கள், விஷயம் பெரியது’ என்று போடுகிறவரிடம் போகாதீர்கள். நம் சபைகளில் புறங்கூறுதல் பெரும்பாலும் ஜெபக்குறிப்பு உடையில்தான் வருகிறது.

எங்க வீட்டுக்காரர் பொருத்தனை பண்ணி ஒரே நாள்ல குடியை நிறுத்திட்டார். இப்போ கை நடுங்குது, தூக்கம் இல்ல. இது பிசாசின் போராட்டமா?

இது உடலின் போராட்டம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறவரை விடுதலை ஜெபத்துக்குக் கட்டிவைப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பொருத்தனை நல்லது, அதை மருத்துவரின் மேற்பார்வையில் நிறைவேற்றட்டும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கும் ‘குடி நிறுத்தும்’ மாத்திரையும் வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட இது நடக்கலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து இது.

உடல் தேறிய பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகச் சொல்லுங்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது இது. ‘என் பலத்தால் முடியவில்லை’ என்று ஒப்புக்கொள்வதும், இன்னொருவரிடம் அறிக்கையிடுவதும் அதன் படிகளில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, பல ஊர்களில் தேவாலய வளாகத்திலேயே நடக்கும். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446.

குடியை விட்டவர் திருவிருந்துல ரசம் குடிக்கலாமா? கிறிஸ்மஸ் வைன்?

பல சபைகளில் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சச் சாறுதான். உங்கள் சபையில் எது என்று ஆயரிடம் முன்பே கேளுங்கள். ஒயின் என்றால் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். கத்தோலிக்கப் போதனைப்படி அப்பத்தில் மட்டுமே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார், எதுவும் குறைந்துவிடாது.

வீட்டு வைன் வேறு கதை. திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் பானையில் மூன்று வாரம் ஊறினால் அதில் சாராயச் சத்து கட்டாயம் இருக்கும். பாட்டி செய்தாலும் அது மதுதான். ரம்மில் ஊறிய பிளம் கேக்கும் அப்படியே. அந்த வீட்டில் ஒரு டிசம்பருக்கு எல்லாரும் சேர்ந்து விட்டுவிடுவது நல்லது.

உபவாசம் இருந்தா சோதனை குறையுமா?

உடனே குறையாது, சில சமயம் கூடும். இயேசுவுக்கே சோதனை வந்தது நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு, பசி உண்டானபோது. பசியில் எரிச்சல் வரும், வீட்டில் சண்டை வரும். உபவாசத்தின் பலன் வேறு: ‘வேண்டும்’ என்று உடல் கேட்கும்போது ‘இப்போது இல்லை’ என்று சொல்லிப் பழகுகிறோம்.

சிறிதாகத் தொடங்குங்கள். லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை உணவை விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்கும், அந்தப் பணத்தை ஏழைக்கும் கொடுங்கள். கத்தோலிக்கச் சட்டம் கட்டாயமாக்குவது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும்வரை, ஒரு முழு உணவும் இரண்டு சிறு உணவும். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். அவர்களுக்கு ஒரு வாரம் சீரியலையும் ரீல்ஸையும் விடுவது போதுமான உபவாசம்.

ஆன்லைன் ரம்மியில 3 லட்சம் போச்சு. ‘ஒரே தடவை ஜெயிக்க வைங்க ஆண்டவரே, தசமபாகம் தரேன், அப்புறம் தொடவே மாட்டேன்’னு ஜெபிச்சேன். தப்பா?

ஆலய உச்சியில் நின்று ‘தூதர்களை அனுப்பு’ என்பதும் இதுவும் ஒன்றே. மேலே சொன்ன உபாகமம் 6:16தான் இதற்குப் பதில்: கர்த்தரைப் பரீட்சை பார்க்கக்கூடாது. விட்டதைப் பிடிக்க இன்னும் ஓர் ஆட்டம் என்பது எல்லாச் சூதாடிக்கும் வரும் எண்ணம், இங்கே அது ஜெபமாக வந்திருக்கிறது.

பணம் போகும் வழியை அடையுங்கள். சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்து கழற்றிவிட்டு, வாரச் செலவுக்கு மட்டும் பணம் இருக்கும் வேறு கணக்கை இணையுங்கள். கடன் செயலிகளை நீக்குங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்காதீர்கள். மொத்தத் தொகையையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். பாதியை மறைப்பவர்கள்தான் அந்தப் பாதியை அடைக்க மறுபடி ஆடுகிறார்கள். உதவ வரும் உறவினர் பணத்தை உங்கள் கையில் தராமல் கடன்காரருக்கே நேராகக் கட்டட்டும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடைசெய்தது. ‘இது திறமை ஆட்டம், சட்டப்படி சரி’ என்ற பழைய சமாதானம் இனி செல்லாது.

மறுபடி விழுந்துட்டேன். எத்தனை தடவைதான் மன்னிப்பார்?

நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்ப எழுந்திருப்பான் (நீதிமொழிகள் 24:16). ஒரே இரவில் பேதுருவும் யூதாசும் விழுந்தார்கள், இருவரும் மனம் வருந்தினார்கள். பேதுரு மற்றச் சீஷர்களோடு இருந்தான், யூதாஸ் தனியே போனான்.

விழுந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். ‘எப்படியும் கெட்டாச்சு, இன்றைக்கு மட்டும்’ என்ற எண்ணம் அப்போதுதான் வரும். ஒரு தடவை விழுந்தது ஒரு வார வீழ்ச்சியாவது இதனால்தான். உடனே 1 யோவான் 1:9ஐப் பிடித்து அறிக்கையிடுங்கள், கணக்குக் கேட்பவருக்கு அன்றைக்கே செய்தி அனுப்புங்கள், நோட்டில் அந்த நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் எந்த ஒரு குற்றத்தைத் தவிர்க்கப் போகிறோம் என்று தீர்மானிப்பது. மதியமும் இரவு உணவுக்குப் பின்னும், எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளியை அந்த நாளுக்குரிய கோட்டில் வைப்பது. தவறிய உடனே, பிறர் கவனிக்காதபடி, கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது. நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுவது. ஒரே சமயத்தில் ஒரே குற்றம், அதுதான் இதன் சூட்சுமம்.

எப்படியும் மன்னிப்பார்னு தெரிஞ்சே செஞ்சா?

ரோமர் 6:1-2ஐப் படியுங்கள். பவுலிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். மன்னிப்பு கிடைத்தாலும், அந்தப் பழக்கமும் போன பணமும் உடைந்த நம்பிக்கையும் அப்படியேதான் இருக்கும்.

திராணிக்கு மேல சோதிக்க மாட்டார்னு வசனம் இருக்கு. என்னால தாங்கவே முடியலையே?

1 கொரிந்தியர் 10:13 வருவது, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்திலும் வேசித்தனத்திலும் முறுமுறுப்பிலும் விழுந்ததைப் பேசும் இடத்தில். பாவம் செய்தே தீரவேண்டும் என்ற நிலை வராது, தப்பிக்கொள்ளும் போக்கு உண்டு என்பதே வாக்குத்தத்தம். துன்பம் தாங்கும் அளவோடு நிற்கும் என்று அது சொல்லவில்லை. அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8இல் ‘எங்கள் பலத்திற்கு மிஞ்சின’ வருத்தம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்பது அவிசுவாசம் இல்லை. சாகத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இப்போதே அழையுங்கள், தமிழில் பேசுவார்கள்.

கணவன் அடிப்பதைச் சோதனை என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லி இந்த வசனத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அடி வாங்குவது உங்கள் பாவமும் இல்லை, உங்கள் சோதனையும் இல்லை. அங்கே ‘தப்பிக்கொள்ளும் போக்கு’ என்பது வீட்டைவிட்டு வெளியேறுவதாகவும் இருக்கலாம். பெண்கள் உதவி எண் 181.

ஆறு மாசமா விழல. ஜெயிச்சுட்டேனா?

எட்டு எண்ணங்களில் வீண்புகழை எவாக்ரியுஸ் கடைசிக்கு முந்தினதாக, ஏழாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு: மற்றவை தோற்கும்போதுதான் அது வரும். சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பார்கள். ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். கூட்டிப் பெருக்கி வெறுமையாய் விட்ட வீட்டுக்கு அசுத்த ஆவி ஏழு பேரோடு திரும்பி வந்ததை இயேசு சொன்னார் (மத்தேயு 12:43-45). விட்ட பழக்கம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் இப்போது காலியாக இருக்கிறது. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, மருத்துவமனைச் சந்திப்பு, பிள்ளைகளோடு மாலை நடை என்று அதில் எதையாவது வையுங்கள்.

ஏற்பாடுகளைத் தளர்த்தாதீர்கள். திரும்ப விழுகிறவர்களில் பலர் புதுப் போன் வாங்கிய வாரத்தில், வேலைக்காக வெளியூரில் அறை எடுத்த வாரத்தில், போனஸ் வந்த வாரத்தில் விழுகிறார்கள். புதுப் போனில் வாட்ஸ்அப்பை ஏற்றுவதற்கு முன் வடிகட்டியைப் போட்டு, கடவுஎண்ணைக் கணக்குக் கேட்பவரிடம் வைக்கச் சொல்லுங்கள். வெளியூர்ப் பயணம் என்றால் எந்த இரவு தனியாக இருப்பீர்கள் என்று கிளம்பும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.